ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ

அமெரிக்க ராக் குழுவான 'த பேர்ட்ஸ்' 1968 ஆகஸ்ட் 30 அன்று கொலம்பியா நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட இசைத்தட்டு. கன்ட்ரி ராக் வகைக்கு அடித்தளமிட்ட பதிவுகளுள் முக்கியமானது. வந்த புதிதில் அதை யாரும் கொண்டாடவில்லை. பில்போர்டு பட்டியலில் 77ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. அக்குழுவின் எந்தத் தட்டும் அதுவரை அவ்வளவு கீழே நின்றதில்லை.

பாப் டிலனின் பாடலை மின்கிட்டாரில் வாசித்து 1965இல் ஃபோக் ராக் அலையைக் கிளப்பியவர்கள் இவர்கள். 1967இன் இறுதிக்குள் டேவிட் கிராஸ்பியும் மைக்கேல் கிளார்க்கும் விலகிவிட, ரோஜர் மக்வின், கிறிஸ் ஹில்மன் இருவரே எஞ்சினர். நாட்டுப்புற இசையில் தொடங்கி மின்னணு இசை வரை, அமெரிக்க இசையின் வரலாற்றையே இரட்டைத் தட்டில் அடக்க மக்வின் திட்டமிட்டிருந்தார். ஜாஸ் பியானோ வாசிப்பார் என்று நம்பிச் சேர்த்த கிராம் பார்சன்ஸ், உள்ளே வந்ததும் குழுவைக் கன்ட்ரி பக்கம் இழுத்தார். சிறுவயதிலேயே புளூகிராஸ் மேடைகளில் மாண்டலின் வாசித்த ஹில்மனும் அவரோடு சேர்ந்துகொண்டார். மக்வினின் திட்டம் கைவிடப்பட்டது. அது நிறைவேறியிருந்தால் இந்தத் தட்டே கிடைத்திராது.

1968 மார்ச்சில் நாஷ்வில்லிலும் பின்னர் லாஸ் ஏஞ்சலிஸிலும் கேரி அஷரின் தயாரிப்பில் ஒலிப்பதிவு நடந்தது. லாயிட் கிரீனும் ஜேடீ மேனஸும் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசித்தனர். ஜான் ஹார்ட்ஃபோர்டு பாஞ்சோவும் ஃபிடிலும் வாசித்தார். அதே மார்ச்சில் நாஷ்வில்லின் ரைமன் அரங்கில் நடந்த 'கிராண்ட் ஓல் ஆப்ரி' கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சியிலும் குழு பாடியது. நீண்ட முடி வைத்த ராக் இளைஞர்களைக் கூட்டம் கேலிக்குரலோடு வரவேற்றது. அறிவிக்கப்பட்டிருந்த, கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகர்டின் பாடலை விட்டுவிட்டுப் பார்சன்ஸ் சொந்தப் பாடலான 'ஹிக்கரி விண்ட்'டைப் பாடியதில் அமைப்பாளர்களின் கோபமும் சேர்ந்துகொண்டது.

இன்றும் ஓயாத விவாதம் பார்சன்ஸின் குரலைப் பற்றியது. அவர் முன்பு ஒப்பந்தமாகியிருந்த நிறுவனத்தின் உரிமையாளர் லீ ஹேஸில்வுட் வழக்கு மிரட்டல் விடுத்ததால், பார்சன்ஸ் பாடிய சில பாடல்களைக் குழுவினர் மறுபடி பாடிப் பதிந்தனர். அஷர் பின்னாளில் சொன்ன காரணம் வேறு: தட்டு பார்சன்ஸின் தனித்தட்டாக ஆகிவிடக் கூடாது என்று குழு எண்ணியதாம். முடிவில் பார்சன்ஸ் முதன்மைக் குரலாக மூன்று பாடல்களில்தான் தங்கினார். லூவின் சகோதரர்களின் 'த கிறிஸ்டியன் லைஃப்' பாடலில் மக்வின் வரவழைத்துக்கொண்ட தென்மாநில உச்சரிப்பு ஒட்டவேயில்லை. நீக்கப்பட்ட பதிவுகள் பல ஆண்டுகள் கழித்து வெளியானபோது, அதே பாடலைப் பார்சன்ஸ் அலட்டிக்கொள்ளாமல் பாடியிருப்பது தெரிந்தது. ஆனாலும் 'ஹிக்கரி விண்ட்' ஒன்றே இந்தத் தட்டை நிலைநிறுத்தப் போதும். ஊர் நினைவில் தோய்ந்த அந்தக் குரலின் அடியில் பெடல் ஸ்டீல் இழைந்து போகும், எங்கும் முந்திக்கொள்ளாது. கன்ட்ரி இசையைக் கிண்டலாகத் தொடாமல் அதன் இலக்கணத்துக்கு உட்பட்டே வாசித்ததுதான் இத்தட்டின் துணிச்சல்.

தட்டு கடைக்கு வரும்முன்பே, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குக் குழுவின் இசைப்பயணத்தில் வர மறுத்துப் பார்சன்ஸ் விலகினார். கொள்கைதான் காரணமா என்று ஹில்மன் பின்னர் ஐயப்பட்டதுண்டு. ஆனாலும் அவ்விருவரும் சேர்ந்து 'ஃபிளையிங் பரீட்டோ பிரதர்ஸ்' குழுவைத் தொடங்கினர். பார்சன்ஸ் 1973இல் 26 வயதில் இறந்தார்.

தட்டின் 50ஆம் ஆண்டையொட்டி 2018இல் மக்வினும் ஹில்மனும் கன்ட்ரி இசைக்கலைஞர் மார்ட்டி ஸ்டூவர்ட்டின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று இப்பாடல்களை வாசித்தனர். இத்தட்டில் விருந்தினராக வாசித்துப் பின் பேர்ட்ஸ் குழுவிலேயே சேர்ந்த கிளாரன்ஸ் வைட்டின் டெலிகாஸ்டர் கிட்டார் ஸ்டூவர்ட்டிடம்தான் இருக்கிறது.