2018–19 ஐ-லீக் பருவம்

2018–19 ஐ-லீக், இந்தியாவின் தேசியக் கால்பந்து லீக் போட்டியான ஐ-லீக்கின் 12ஆவது பருவம். 2018 அக்டோபர் 26 அன்று கோயம்புத்தூரில் தொடங்கி 2019 மார்ச் மாதம் முடிந்தது. 11 அணிகள் மோதிய இப்பருவத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. 43 புள்ளிகளுடன் கோப்பையை வென்றது. 42 புள்ளிகள் எடுத்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தைத் தவறவிட்டது. 1996இல் தேசிய கால்பந்து லீக் என்ற பெயரில் தொடங்கிய இந்திய லீக் வரலாற்றில் தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று பட்டம் வென்றது இதுவே முதல் முறை.

பின்னணி

தேசிய கால்பந்து லீக் 2007இல் ஐ-லீக்காக மாற்றி அமைக்கப்பட்டது. 2014இல் வந்த இந்தியன் சூப்பர் லீக் பணத்திலும் விளம்பரத்திலும் அதைப் பின்னுக்குத் தள்ளியது. 2017இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு இரண்டு லீக்குகளும் இணையாக நடக்க இசைவு தந்தது. அந்த ஏற்பாட்டின்படி ஐ-லீக் சாம்பியனுக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றிலும், சூப்பர் லீக் சாம்பியனுக்கு அதற்கு அடுத்த நிலையில் இருந்த ஏஎஃப்சி கோப்பையிலும் இடம் கிடைத்தது. ஆசியக் களத்தில் உயர்ந்த நுழைவு ஐ-லீக்கிடம் இருக்க, பணமும் தொலைக்காட்சியும் சூப்பர் லீக்கிடம் இருந்த காலம் அது. சென்னைக்கு அப்போது இரண்டு கழகங்கள்: சூப்பர் லீக்கை 2015இலும் 2017–18இலும் வென்றிருந்த சென்னையின் எஃப்.சி. ஒன்று, அதிகம் பேசப்படாத சென்னை சிட்டி மற்றொன்று.

சிறிய ஊர்களின் கழகங்கள் பெரிய பெயர்களை முந்திக்கொண்டிருந்த காலமும் இதுதான். 2016–17இல் மிசோரமின் ஐசால் எஃப்.சி.யும் 2017–18இல் மினர்வா பஞ்சாபும் பட்டம் வென்றிருந்தன. மறுபுறம் ஈஸ்ட் பெங்கால் 2003–04க்குப் பிறகு தேசிய லீக் பட்டத்தைத் தொடவே இல்லை.

அணிகளும் அமைப்பும்

ஐசால், சென்னை சிட்டி, கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ், ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளா, மினர்வா பஞ்சாப், மோகன் பாகன், மணிப்பூரின் நெரோகா, ரியல் காஷ்மீர், மேகாலயாவின் ஷில்லாங் லஜோங் ஆகிய கழகங்களுடன், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் இளையோர் அணியான இந்தியன் ஆரோஸும் ஆடியது. இரண்டாம் பிரிவிலிருந்து மேலேறி வந்த ரியல் காஷ்மீர், இந்த லீக்கில் ஆடிய முதல் ஜம்மு காஷ்மீர் கழகம். ஒவ்வோர் அணியும் மற்ற 10 அணிகளுடன் சொந்த ஊரில் ஒரு முறையும் எதிரணியின் ஊரில் ஒரு முறையும் மோத வேண்டும்: ஆளுக்கு 20 ஆட்டங்கள், மொத்தம் 110. இரண்டு அணிகள் சம புள்ளியில் முடித்தால் முதலில் பார்க்கப்படுவது அவ்விரு அணிகளும் தமக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவு. இந்த விதி கடைசி நாளில் பெரிய கணக்காக வந்து நின்றது.

சென்னை சிட்டி

சென்னை சிட்டி 2016–17இல் நேரடி அனுமதி பெற்று ஐ-லீக்குக்குள் வந்தது. முதல் இரண்டு பருவங்களிலும் பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே கிடந்தது. மூன்றாம் பருவத்துக்கு சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். பந்தைத் தூக்கி அடிக்காமல், கால் மாற்றிக் கால் மாற்றிக் கொடுத்து முன்னேறும் ஆட்டத்தை அவர் அணிக்குப் பழக்கினார். அதற்கு ஏற்ற ஆட்களை ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளிலிருந்து கழகம் கொண்டுவந்தது. உருகுவேயில் பிறந்த முன்கள வீரர் பெட்ரோ மன்சி, தாக்குதல் நடுக்களத்தில் நெஸ்டர் கோர்டில்லோ, அவருக்குப் பின்னால் சாண்ட்ரோ ரோட்ரிகஸ், தடுப்பில் ராபர்ட்டோ எஸ்லாவா, கோல்கீப்பராக நௌசெட் சந்தானா என்று அணியின் முதுகெலும்பு முழுக்க ஸ்பெயினிலிருந்து வந்தவர்களால் அமைந்தது. எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார், பிரவிட்டோ ராஜு முதலிய தமிழ்நாட்டு வீரர்கள் அவர்களைச் சுற்றி ஆடினார்கள். பருவத்தின் நடுவே, 2019 தொடக்கத்தில், சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கழகம் சென்னை சிட்டியின் 26 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது.

சென்னையின் பெயர், கோவையின் மைதானம்

2016–17இல் இக்கழகம் சென்னை பெரியமேடு நேரு அரங்கத்தில் ஆடியது. பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கத்து ரசிகர் பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் அரங்கத்துக்கு நடந்தே போய்விடலாம். 2017–18 முதல் இரண்டு லீக்குகளும் ஒரே மாதங்களில் நடக்கத் தொடங்கின. பெரியமேட்டு அரங்கம் சென்னையின் எஃப்.சி.யின் வசம் இருந்தது. சென்னை சிட்டி ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தள்ளிக் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்துக்குக் குடிபெயர்ந்தது. பல்லாவரம், தாம்பரம் வட்டாரத்தில் இருந்தவருக்குத் தம் ஊர்ப் பெயர் தாங்கிய அணியின் உள்ளூர் ஆட்டம் என்பது ஓர் இரவு ரயில் பயணமாகிவிட்டது. கோவை ரசிகர்களோ வேற்றூர்ப் பெயரைப் பொருட்படுத்தாமல் அணியைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்து பார்ப்பதும் எளிதாக இல்லை: ஒளிபரப்பு நிறுவனம் டிசம்பர் இறுதிக்குப் பிறகு எல்லா ஆட்டங்களையும் தொலைக்காட்சியில் காட்டாமல் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தது, கழகங்கள் அதைக் கண்டித்தன.

பருவத்தின் போக்கு

தொடக்க ஆட்டத்தில் சென்னை சிட்டி இந்தியன் ஆரோஸை 4-1 என்று வென்றது. மன்சி முதல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக் அடித்தார். நவம்பரில் கொல்கத்தாவுக்குப் போய் ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று தோற்கடித்த பிறகுதான் மற்ற அணிகள் இந்தக் கழகத்தைக் கவனிக்கத் தொடங்கின. ஜனவரியில் கோவையிலும் அதே 2-1. ஈஸ்ட் பெங்காலிடமிருந்து எடுத்த இந்த 6 புள்ளிகளே கடைசியில் பட்டத்தின் விலையானது.

ஸ்பெயினைச் சேர்ந்த அலெஹாந்த்ரோ மெனெண்டஸின் பயிற்சியில் ஈஸ்ட் பெங்கால் மெல்ல மெல்ல மேலேறியது. மோகன் பாகனுடனான கொல்கத்தா டெர்பி இரண்டையும் அது வென்றது: டிசம்பரில் 3-2, ஜனவரியில் 2-0. ஸ்காட்லாந்தின் டேவிட் ராபர்ட்சன் பயிற்றுவித்த ரியல் காஷ்மீர், தன் முதல் ஆட்டத்திலேயே நடப்பு சாம்பியன் மினர்வாவை அதன் ஊரில் 1-0 என்று வீழ்த்தி, பருவத்தின் பெரும்பகுதியில் பட்டப் போட்டியிலேயே இருந்தது.

2019 பிப்ரவரி 14 அன்று காஷ்மீரின் புல்வாமாவில் துணை ராணுவத்தினர் மீது தாக்குதல் நடந்தது. நான்கு நாள் கழித்து ஸ்ரீநகரில் ரியல் காஷ்மீருடன் ஆட வேண்டியிருந்த மினர்வா, பாதுகாப்பைக் காரணம் காட்டிப் போக மறுத்தது. அந்த ஆட்டம் நடக்கவில்லை. அடுத்து வந்த ரியல் காஷ்மீர் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் டெல்லிக்கு மாற்றப்பட்டது. சொந்த மண்ணின் குளிரையும் கூட்டத்தையும் இழந்த காஷ்மீர் அணி அதில் 1-2 என்று தோற்றுப் பட்டப் போட்டியிலிருந்து விலகியது.

மார்ச் 1 அன்று சென்னை சிட்டி சர்ச்சில் பிரதர்ஸிடம் 2-3 என்று தோற்றதால் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டிய போட்டி கடைசி நாள் வரை இழுத்தது.

இறுதி நாள்

2019 மார்ச் 9, சனிக்கிழமை. சென்னை சிட்டியிடம் 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலிடம் 39. கோவையில் சென்னை சிட்டிக்கு எதிரணி மினர்வா பஞ்சாப். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரணி கோகுலம் கேரளா. சென்னை சிட்டி வென்றால் பட்டம் அதனுடையது. வெல்லாவிட்டாலும், ஈஸ்ட் பெங்கால் வெல்லாத வரையில் நேருக்கு நேர் விதி சென்னை சிட்டியைக் காப்பாற்றும். சென்னை சிட்டி சறுக்கி, ஈஸ்ட் பெங்கால் வென்றால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போகும்.

மூன்றாவது நிமிடத்திலேயே ரோலண்ட் பிலாலா மினர்வாவுக்குக் கோல் அடித்தார். இடைவேளை வரை அதே நிலை. கோழிக்கோட்டில் கோல் ஏதும் விழாததால் மட்டுமே சென்னை சிட்டி பட்டியலின் உச்சியில் நின்றது. இடைவேளைக்குப் பிறகு, 56ஆவது நிமிடத்தில், மன்சி பெனால்டியில் சமன் செய்தார். 70ஆவது நிமிடத்தை ஒட்டி இரண்டு ஊர்களிலும் ஏறத்தாழ ஒரே வேளையில் கோல் விழுந்தது: கோவையில் தடுப்பாட்ட வீரர் கௌரவ் போரா சென்னை சிட்டியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார், கோழிக்கோட்டில் மார்கஸ் ஜோசப் கோகுலத்துக்கு அடித்தார். ஈஸ்ட் பெங்கால் விடவில்லை. ஜைமி சாண்டோஸ் பெனால்டியிலும், ஆட்டம் முடியும் தறுவாயில் லால்டன்மாவியா ரால்டேயும் கோல் அடித்து 2-1 என்று திருப்பினார்கள். அதன் பிறகு கோவையில் மினர்வா ஒரு கோல் அடித்திருந்தாலும் கோப்பை கைமாறியிருக்கும். கூடுதல் நேரத்தில் போராவே மீண்டும் அடித்து 3-1 ஆக்கினார்.

இறுதி நிலை

1. சென்னை சிட்டி – 43 புள்ளிகள் (13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி)
2. ஈஸ்ட் பெங்கால் – 42 புள்ளிகள் (13 வெற்றி, 3 சமன், 4 தோல்வி)
3. ரியல் காஷ்மீர்
4. சர்ச்சில் பிரதர்ஸ்
5. மோகன் பாகன்
6. நெரோகா
7. ஐசால்
8. இந்தியன் ஆரோஸ்
9. மினர்வா பஞ்சாப்
10. கோகுலம் கேரளா
11. ஷில்லாங் லஜோங் (தரமிறக்கம்)

அதிக கோல் அடித்தவர்கள் இருவர்: சென்னை சிட்டியின் பெட்ரோ மன்சியும் சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் ஆளுக்கு 21 கோல்கள். முந்தைய ஆண்டின் சாம்பியன் மினர்வா ஒன்பதாவது இடத்துக்குச் சரிந்தது. முழுக்க இந்திய வீரர்களுடன் ஆடிய லஜோங் கீழே இறங்கியது.

பின்விளைவுகள்

பட்டம் வென்ற சில வாரங்களில் புவனேசுவரத்தில் நடந்த சூப்பர் கோப்பையில் சென்னை சிட்டி காலிறுதியில் பெங்களூரு எஃப்.சி.யை வென்று, அரையிறுதியில் எஃப்.சி. கோவாவிடம் 0-3 என்று தோற்றது. அதே ஆண்டு அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பு இந்தியக் கால்பந்துக்கான புதிய திட்டத்தை ஏற்று, இந்தியன் சூப்பர் லீக்கை நாட்டின் முதல்நிலை லீக்காக அங்கீகரித்தது. ஐ-லீக் வழியாக ஆசிய சாம்பியன்ஸ் லீக்குக்குள் நுழைந்த கடைசிக் கழகம் என்ற இடம் இதனால் சென்னை சிட்டிக்கு வந்தது. 2020 ஜனவரியில் பஹ்ரைனின் அல் ரிஃபாவிடம் 0-1 என்று தோற்று அது தகுதிச் சுற்றிலேயே வெளியேறியது. அடுத்து ஆடவிருந்த ஏஎஃப்சி கோப்பை கொரோனாவால் கைவிடப்பட்டது.

வெற்றி அணி சீக்கிரமே கலைந்தது. மன்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்கும், கோர்டில்லோ ஹைதராபாத் எஃப்.சி.க்கும், எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கும், ரொமாரியோ எஃப்.சி. கோவாவுக்கும் போனார்கள். 2020–21க்குப் பிறகு சென்னை சிட்டியை ஐ-லீக்கில் காணவில்லை. ஈஸ்ட் பெங்காலும் மோகன் பாகனும் 2020இல் சூப்பர் லீக்குக்கு மாறின. மினர்வாவோ உரிமையாளர் மாறி, ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் என்ற பெயரில் 2022–23 ஐ-லீக்கை வென்றது. ஆட்டத்தால் தகுதி பெற்று சூப்பர் லீக்குக்கு மேலேறிய முதல் கழகம் அதுவே. 2019இல் சாம்பியனாக இருந்த சென்னை சிட்டிக்கு அப்படி ஒரு வழி திறந்திருக்கவில்லை. அது திறந்தபோது கழகம் களத்தில் இல்லை.