படியிலிருந்து கிலோவுக்கு: ஃபித்ராவின் அளவு கடந்து வந்த பாதை

ரமளானின் இறுதிப் பத்து நாட்களில் நம் பள்ளிவாசல்களில் ஓர் அறிவிப்பு ஒலிக்கும்: ஃபித்ரா, தலைக்கு இத்தனை கிலோ. நாமும் அதன்படி அரிசியையோ பணத்தையோ கொடுத்து விடுகிறோம். ஆனால் நபி (ஸல்) அவர்கள் விதித்தது எடையன்று, முகத்தலளவு. பேரீச்சம்பழத்திலோ வாற்கோதுமையிலோ ஒரு ஸாஉ என்றே இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளுவது ஒரு முத்து. நான்கு முத்து ஒரு ஸாஉ.

பாத்திரத்தால் அளக்கும் வழக்கம் நமக்கும் புதிதன்று. திருவண்ணாமலைக் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் அரிசியும் நெய்யும் நாழி, உழக்கு என்னும் அளவுகளிலேயே குறிக்கப்படுகின்றன. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆயினும் எல்லா இடத்து மரக்காலும் ஒன்றாக இருந்ததில்லை. ஆகவேதான் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், நெல்லை ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்ததாகப் பெயர் சுட்டிக் கூறுகின்றன.

இதே சிக்கல் இஸ்லாமிய உலகிலும் எழுந்தது. இராக்கில் ஸாஉ எட்டு ராத்தல் எனக் கொள்ளப்பட்டது. ஹாரூன் ரஷீத் காலத்துத் தலைமை நீதிபதியும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவருமான அபூயூசுஃப் (ரஹ்) மதீனா சென்று இதைக் குறித்து வினவினார்கள். மறுநாள் முஹாஜிர், அன்ஸார்களின் வழித்தோன்றல்கள் சுமார் ஐம்பது பேர், தத்தம் வீட்டு ஸாஉவை மேலாடைக்குள் வைத்துக் கொண்டு வந்தனர். அளந்து பார்த்தபோது எல்லாம் சமமாக, ஐந்தே மூன்றிலொரு ராத்தலாக இருந்தன. தம் ஆசிரியரின் கருத்தை விட்டு, மதீனாவாசிகளின் அளவை அவர்கள் ஏற்றார்கள்.

அடுத்த கேள்வி, பாத்திரத்தை எடையாக்குவது எப்படி என்பது. ஒரே பாத்திரம் கொள்ளும் அரிசியும் மாவும் ஒரே எடையில் இரா. ஒரு லிட்டர் பச்சரிசி ஏறத்தாழ 800 கிராமுக்கு மேல் நிற்கும்; சலித்த மைதா அறுநூறைக்கூட எட்டாது. அதே மாவை அழுத்தி நிரப்பினால் எடை கூடிவிடும். பெருநாளுக்குக் கேக் செய்யும் நம் வீட்டுப் பெண்கள் இதை நன்கறிவர். 17ஆம் நூற்றாண்டின் ஹனஃபி நூலான ‘துர்ருல் முக்தார்’ இதனாலேயே பருப்பு வகையை அளவுகோலாக்கி, 1,040 திர்ஹம் எடைப் பருப்பைக் கொள்ளும் பாத்திரமே ஸாஉ என வரையறுத்தது. தானியத்துக்குத் தானியம் எடை மாறுவதால் முகத்தலளவே அடிப்படை, எடை ஒரு தோராயமே என்று 13ஆம் நூற்றாண்டிலேயே இமாம் நவவீ (ரஹ்) தெளிவுபடுத்தினார்கள்.

நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. கடையில் படி மறைந்து கிலோ நிலைத்தது. ஃபித்ராவும் கிலோவுக்கு மாறியது. ஹனஃபி கணக்கில் முழு ஸாஉ சுமார் மூன்றே கால் கிலோ. கோதுமையில் அதன் பாதி போதும். ஷாஃபிஈ மத்ஹபில் ஊரின் முதன்மை உணவில் ஒரு முழு ஸாஉ. அதன் எடை இரண்டிலிருந்து மூன்று கிலோ வரை அறிஞர்களிடையே வேறுபடுகிறது.

இவ்வேறுபாடு சண்டைக்குரியதன்று. எனினும் இது ஏழையின் உரிமை. தமக்கு நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்கு அளக்கும்போதும் நிறுக்கும்போதும் குறைப்போரைத் ‘தத்ஃபீஃப்’ அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கிறது. தலைதட்டி அளந்த கணக்கைக் கிலோவாக்கும்போது சில நூறு கிராம் ஐயம் எழுந்தால், அந்த ஐயத்தின் பலன் கொடுப்பவருக்கன்று, பெறுபவருக்கே சேரட்டும்.