கிழவனும் கிழாரும்

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில், எந்த வகுப்பறையை நாம் கடந்து சென்றாலும் “சார்” என்ற விளி செவியில் விழும். அது “கிழவன்” என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது என்பதை விளிப்பவரும் எண்ணுவதில்லை, விளிக்கப்படுபவரும் எண்ணுவதில்லை!

இலத்தீனில் “செனெக்ஸ்” என்றால் முதியவன். “சீனியர்” என்றால் அவனினும் மூத்தவன். இந்தச் “சீனியர்” பிரெஞ்சு நாட்டார் நாவில் தேய்ந்து, ஆங்கிலத்தில் “சர்” ஆகி, வெள்ளையராட்சி வழங்கிய பட்டமாயிற்று. நம் நாவில் “சார்” ஆயிற்று. அதே வேரில் கிளைத்ததுதான் “செனட்”, அதாவது முதியோர் அவை. அதில் அமர்ந்தவர் செனட்டர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் சர் பட்டம் பெற்ற அண்ணாமலைச் செட்டியார். அதற்கென 1928இல் இயற்றப்பட்ட சட்டம் செனட் ஒன்றையும் அமைத்தது. ஒரே வேர் பட்டமாகவும் வந்தது, அவையாகவும் வந்தது.

சொல் முதுமையைக் காட்டுகிறது. அவை முதுமையை மதித்ததா? உரோமாபுரியை நிறுவிய ரோமுலசு 100 “தந்தையரை”த் தேர்ந்து முதல் அவையை அமைத்தான் என்பது அந்நாட்டுப் பழங்கதை. அத்தந்தையரின் வழிவந்தோரே உயர்குடியினர் என்று அக்கதை முடிகிறது. பிறப்பைக் கொண்டு ஏற்றம் கற்பிக்கும் கதைகள் நம் நாட்டிற்கு மட்டும் உரியவை அல்ல. பின்னர் அகசுடசு காலத்தில் 25 அகவை இளைஞனும் “முதியோன்” ஆகலாம் என்றாயிற்று. ஆனால் பத்து இலட்சம் செசுட்டர்சு மதிப்புள்ள சொத்து வேண்டும்! நரை வேண்டாம், நிலபுலன் வேண்டும். பெயர் கிழவனுக்கு, இருக்கை செல்வனுக்கு.

தமிழில் இதற்கு நேர்மாறான வரலாறு ஒன்றைக் காண்கிறோம். கிழமை என்றால் உரிமை. கிழவன் என்றால் உரியவன், உடையவன். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்னும் புலவர் பெயர்களில் நிற்பது நரையன்று, உரிமை. தில்லையின் ஆயிரங்கால் மண்டபத்தில் பெரியபுராணம் பாடினார் என்று மரபு கூறும் சேக்கிழாரின் பெயரிலும் அச்சொல்லே ஒலிக்கிறது. உடைமையைக் குறித்த “கிழவன்” நாளடைவில் முதுமையைக் குறித்தது. உரோமில் கிழவன் உடையவன் ஆனான், தமிழகத்தில் உடையவன் கிழவன் ஆனான். இருவரும் எதிரெதிரே நடந்து அவை வாயிலில் சந்தித்துக்கொண்டனர்.

அந்தச் சந்திப்பைக் காண விரும்புவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டைப் படிக்கட்டும். பராந்தக சோழன் காலத்தில், 921ஆம் ஆண்டில், அவ்வூர்ச் சபை வாரியங்களுக்குக் குடவோலை வழியே ஆள் தேர்ந்தனர். அகவை 35க்கு மேல் 70க்குள். வரிசெலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் சொந்த வீடு. அத்துடன் வேதப் பயிற்சி. நிலம் குறைந்து அரைக்கால் வேலியே இருப்பினும், வேதம் ஒன்றும் பாடியம் ஒன்றும் கற்றவனாயின் ஏற்கலாமாம்! உலகுக்கு மக்களாட்சியை நாமே ஈந்தோம் என்று பெருமை பேசுவோர் குடத்தைப் புகழட்டும். அதனுள் யார் பெயர் விழுந்தது என்று நாம் கேட்கிறோம். அது சதுர்வேதிமங்கலம். உழுதவன் பெயர் அந்த ஓலையில் ஏறவில்லை.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் செனட்டை “மூதவை” என்று அழகாகத் தமிழ்ப்படுத்தியுள்ளனர். மூலத்திற்கு அது உண்மையாகவே இருக்கிறது. நம்மவர் “ஆட்சிப் பேரவை” என்றனர். நமக்குப் பிந்தியதே உவப்பு. முதுமை பற்றிய பேச்சே அதில் இல்லை. எனினும் பழைய செனெக்சு முற்றும் மறைந்தானில்லை. மக்களவைக்கு 25 அகவை போதும் என்னும் இந்திய அரசமைப்புச் சட்டம், மாநிலங்களவைக்கு 30 கேட்கிறது.

செனெக்ஸ் என்பது ஆணைக் குறித்து நின்ற சொல். கிழவிக்கு இலத்தீனில் வேறு சொல் உண்டு. உரோமானியச் சட்டம் பெண்ணுக்கு அவ்வவையில் இருக்கை தரவில்லை. கடலூர் முதுநகரில், நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அஞ்சலை அம்மாள் 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார்.

முதியோர் அவை கண்ட சிதம்பரத்திலோ, 1965 சனவரி 27 அன்று, இந்தித் திணிப்பை எதிர்த்துத் திரண்ட மாணவர்மீது துப்பாக்கி வெடித்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் மாண்டார். “சார்” என்று யாரும் தம்மை அழைக்கும் அகவையை அவர் எய்தவில்லை. பல்கலைக்கழக வாயிலில் அவருக்குச் சிலை இருக்கிறது.