நடை சாத்தினால் மட்டும் போதுமா? கிரகணமும் நம்ம கண்ணும்

 

சூரிய கிரகணம் வருதுன்னு செய்தி வந்தாலே எங்கள் தொண்டூழியர் குழுவுக்கு வாட்சாப்பில் வரும் கேள்விகள் பெரும்பாலும் மூணுதான். நடை எத்தனை மணிக்குச் சாத்துவாங்க? எந்த நட்சத்திரத்துக்குப் பரிகாரம்? சமைச்ச சாப்பாட்டில் தர்ப்பை போடணுமா? பிள்ளைகள் கண்ணைப் பத்தி ஒருத்தரும் கேட்பதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படிங்க.

முன்பெல்லாம் கிரகணம் பிடித்தால் கோயில் நடையோடு வீட்டுக் கதவும் சாத்தப்படும். விட்ட பிறகு குளித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கண்ணைக் காக்கத்தான் முன்னோர்கள் அப்படி வைத்தார்கள் என்று சுற்றிவரும் செய்திகளை நாங்கள் பகிர்வதில்லை. ஆனால் உள்ளேயே இருந்தவர் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது உண்மை. இப்போது பாதி வழக்கம்தான் மிச்சம். கோயில் நடை சாத்துகிறோம், வீட்டில் யாரும் அடைந்து கிடப்பதில்லை.

2019 டிசம்பர் 26 நினைவிருக்கா? கோயம்புத்தூர், திண்டுக்கல், சிங்கப்பூர், ஜொகூரின் தஞ்சோங் பியாய் பக்கமெல்லாம் கங்கண கிரகணம். கோலாலம்பூரில் பகுதி கிரகணம்தான், ஆனாலும் சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. பள்ளி விடுமுறை வேற. படிக்கட்டு அடிவாரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டும், பழைய எக்ஸ்ரே படத்தைப் பிடித்துக்கொண்டும், கைப்பேசியைத் தூக்கிக்கொண்டும் அண்ணாந்து நின்றவர்களை எங்களால் எண்ணி முடியவில்லை. அதே கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்துப் பார்வை பாதிக்கப்பட்டு, இந்தியாவில் ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனைக்கு வந்தவர்கள் 15 பேர். எல்லாரும் 10 முதல் 20 வயதுக்குள் உள்ள பிள்ளைகள்.

"கிரகணத்தைப் பார்ப்பதே தோஷம், பார்க்காவிட்டால் தீர்ந்தது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களுக்காக ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும்.

சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர், சின்ன வயதிலேயே சென்னை வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து முதல் உதவியாளர் வரை உயர்ந்தார். 1868 ஆகஸ்ட் 18 முழு கிரகணத்தை ஐதராபாத் சமஸ்தானத்து வனபர்த்தியிலிருந்து பார்த்துப் பதிவு செய்தார். அடுத்து 1871 டிசம்பர் 12. இந்தமுறை அவர் போன ஊர் அவிநாசி. ஆமாம், சுந்தரர் முதலை உண்ட பிள்ளையை மீட்டுக் கொடுத்த அதே அவிநாசிதான். 1872-ல் லண்டனின் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அந்தக் கழகத்தில் சேர்ந்த முதல் இந்தியர் அவர்தான்.

இவருக்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. வாக்கியமா, திருக்கணிதமா என்று இன்றைக்கும் நாம் சண்டை போடுகிறோமே, வானத்தில் கண்டதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று அன்றே திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்ட முன்னோடிகளில் ஒருவர் இவர். கிரகணம் பிடிக்கும் நேரம், விடும் நேரம் பார்த்துத்தானே நாம் நடை சாத்துகிறோம்? அந்த நேரத்தைச் சரியாகச் சொல்ல, யாரோ ஒருவர் சூரியனைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது.

1868-ல் விழுந்த அதே நிழல் வங்கக் கடலைத் தாண்டி நம் தீபகற்பத்துக்கு வடக்கே சயாம் நாட்டையும் கடந்தது. அரசர் மோங்குட் தானே கணக்குப் போட்டு வா கோ என்ற கடற்கரை ஊரில் முகாம் அமைத்தார். சிங்கப்பூரிலிருந்து ஆளுநர் ஹாரி ஆர்டும் போயிருந்தார். அரசரின் கணக்கு பலித்தது. ஆனால் அந்தச் சதுப்பு நிலத்தில் மலேரியா தொற்றி அக்டோபர் 1-ல் இறந்துபோனார். கிரகண தோஷம் என்று சொல்லிவிடாதீர்கள், கொசுதான்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். நம்ம பாட்டிமார் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீரோ சாணம் கரைத்த தண்ணீரோ வைத்து, அதில் தெரியும் சூரியனைப் பார்க்கச் சொல்வார்கள். கிரேக்க அறிஞர் சாக்ரடீஸ் பேரிலும் இதே யோசனை இருக்கிறது. நேரே பார்ப்பதைவிட இது மேல்தான். ஆனாலும் போதாது. உச்சி வெயில் தண்ணீரில் பட்டால் நூற்றில் 2 பங்கு ஒளி கண்ணுக்குத் திரும்பி வரும். தரமான கிரகணக் கண்ணாடியோ ஒரு லட்சத்தில் 3 பங்கு அளவுதான் விடும். தாம்பாளத்து ஒளி அதைவிட 600 மடங்குக்கு மேல்! நியூட்டனே இளவயதில் கண்ணாடியில் பிரதிபலித்த சூரியனை உற்றுப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒட்டிய அந்த உருவம் போக மூன்று நாள் இருட்டறையில் கிடந்தார்.

நம்மை ஏமாற்றுவது எது தெரியுமா? வலி இல்லாததுதான். விழித்திரைக்கு வலி தெரியாது. பார்க்கும்போது சுகமாக இருக்கும், சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோ பார்வையின் நட்டநடுவில் ஒரு கரும்புள்ளி நிற்கும். எழுத்து படிக்க வராது, எதிரே நிற்பவர் முகம் தெரியாது. சிலருக்குச் சில மாதங்களில் தேறும், சிலருக்குத் தேறாது. சரிசெய்ய உறுதியான சிகிச்சையும் இல்லை. பாதி மறைந்த சூரியன் பாதி ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். வெளிச்சம் குறைந்ததும் கண்மணி விரிந்துகொள்ளும், மிச்சமிருக்கும் பிறையோ அதே உக்கிரத்தோடு எரியும்.

கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படம், புகை பிடித்த கண்ணாடி எதுவும் உதவாது. வெளிச்சத்தை மங்கலாக்கும், கண்ணைச் சுடும் கதிரை முழுசாகத் தடுக்காது. ஐஎஸ்ஓ 12312-2 என்று அச்சிட்ட கிரகணக் கண்ணாடியை நம்பகமான இடத்தில் வாங்குங்கள், கீறல் விழுந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் 14-ம் எண் வெல்டிங் கண்ணாடியும் சரிதான், எண் குறைந்தால் வேண்டாம். கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு தொலைநோக்கியில் பார்ப்பது கூடவே கூடாது.

கண்ணாடி கிடைக்கலையா? சமையலறையில் பூந்திக் கரண்டி இருக்கும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, கரண்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அதன் நிழலை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பிறைச் சூரியன் தரையில் விழும். துளை வழியே கிரகணப் பிறை விழும் இந்தக் கணக்கை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இப்னு அல்-ஹைதம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மரத்தடியிலும் இலை இடுக்கு வழியே இதே பிறைகள் தெரியும். கரண்டி ஓட்டை வழியாகச் சூரியனைப் பார்க்காதீங்க, அது மட்டும் முக்கியம்.

2031 மே 21-ல் ஒரு கங்கண கிரகணம் தமிழ்நாட்டின் தென்பகுதி, இலங்கையின் வடபகுதி, நம் தீபகற்பம் வழியாக வருகிறது. அன்றைக்கு நடை சாத்தும் நேர அறிவிப்போடு கண்ணாடி பற்றிய அறிவிப்பையும் ஒட்டலாம் என்று எங்கள் குழுவில் பேசியிருக்கிறோம். உங்க ஊர்க் கோயில் தொண்டூழியர்களிடமும் இதைக் காட்டுங்கள். கேள்வி இருந்தால் கீழே கேளுங்க.

முருகா சரணம் 🙏