வேனின் ஸ்லைடிங் கதவு இறுகினால்

கண்டியில் வாடகை வேன் ஓட்டுகிறேன். இங்கிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9 வீதி 321 கிலோமீற்றர். ஊர் பார்க்கப் போகும் குடும்பங்களே அதிகம் ஏறுகிறார்கள். பின் இருக்கைகளில் இருப்போருக்குப் பக்கக் கதவுதான் வாசல். விபத்து நேரத்தில் அது இறுகினால் முதியவர்கள் உள்ளே அகப்பட்டுவிடுவார்கள்.

இந்தக் கதவு மேல், நடு, கீழ் என மூன்று தடங்களில் சிறு உருளைகளால் ஓடுகிறது. மழைச்சேறு பழைய கிறீசுடன் கலந்து உருளைகளைத் தேய்த்துவிடும். முதலில் தடங்களை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். பின், பாதி திறந்த கதவின் பின்முனையைத் தூக்கிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் நடு உருளையைச் சந்தேகியுங்கள். கதவுக்கு முட்டுக்கொடுத்து, நட்டுகள் இருந்த இடத்தை அடையாளமிட்ட பின்பே கழற்றுங்கள். இல்லையேல் கதவு பூட்டோடு பொருந்தாது. புது உருளை பூட்டிக் கிறீசை மெல்லியதாகப் பூசுங்கள். கடைசியாக, வயதானவர் ஒருவர் உள்ளிருந்து தனியே திறக்க முடிகிறதா என்று பாருங்கள்.