பாட்டு மருந்தாகுமா?

பாட்டு மனிதனை என்ன செய்யும் என்பதை நம் வயதுக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாளில் பம்பையும் உடுக்கையும் முழங்கினால், வருஷம் முழுக்க வாய் திறக்காத பெண்மணிக்கும் சாமி வந்துவிடும். மண்ணூர் சுற்றுவட்டாரத்தில் இதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும். முகத்தில் தண்ணீர் தெளித்து விபூதி பூசினால் ஆட்டம் அடங்கும். கொஞ்ச நேரத்தில் அவர் அடுப்படி வேலைக்குப் போய்விடுவார். அது நோய் இல்லை.

ஏறிய மனசு இறங்காமலே நின்றுவிட்டால் என்ன ஆகும்? இருமுனைக் கோளாறு, அதாவது பைபோலார் என்று டாக்டர்கள் சொல்லும் நோயில் அதுதான் நடக்கிறது. சில வாரம் மனம் உச்சியில் நிற்கும்: தூக்கம் வராது, களைப்பும் தெரியாது, பேச்சும் செலவும் கட்டுக்கடங்காது. பிறகு பல மாதம் பள்ளத்தில் கிடக்கும். இந்த இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்று 1899-இல் ஜெர்மனி டாக்டர் எமில் கிரேப்பலின் வகுத்து எழுதினார். உச்சியில் இருப்பவருக்கு வானொலியில் வரும் சாதாரணப் பாட்டும் தனக்கென்றே பாடியது போல இருக்கும். விடிய விடியப் பாடுவார். பள்ளத்தில் விழுந்தபின் அதே பாட்டு தகர டப்பா சத்தம் போலாகிவிடும்.

எங்கள் தெருவிலேயே இதைப் பார்த்தேன். கம்பெனியில் இரவு ஷிப்ட் போய்வந்த பையன் ஒருவன், நல்ல குரல் வளம். பகலில் தூங்குவதை விட்டான். பிறகு இரவிலும் தூங்கவில்லை. மொட்டை மாடியில் நின்று பழைய சினிமாப் பாட்டுகளைப் பாடினான். முதல் நாள் கைதட்டினார்கள், நாலாம் நாள் கல் எறிந்தார்கள். மந்திரிக்க அழைத்துப் போனதில் இரண்டு மாதம் வீணானது. பிறகுதான் மனநல டாக்டரிடம் போனார்கள். தூக்கம் கெடுவது இந்த நோயைக் கிளப்பிவிடும் என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்த உண்மை. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை மூன்று ஷிப்டும் ஓடும் நம் பகுதியில் இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பாட்டால் நோயைத் தணிக்கலாம் என்ற எண்ணம் நம்மிடம் பழமையானது. புறநானூற்றின் 281-ஆம் பாடலில், போரில் புண்பட்ட வீரனைக் காக்க வீட்டில் வேப்பிலை செருகி, யாழும் குழலும் இசைத்து, காஞ்சிப் பண் பாடுகிறார்கள். அகநானூறு 102-இல் ஒரு பெண் பாடும் குறிஞ்சிப் பண்ணைக் கேட்டு, தினை தின்ன வந்த யானை தின்னாமலே தூங்கிப்போகிறது. பிற்காலத்தில் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் சித்த வைத்தியராகவும் இசை ஆராய்ச்சியாளராகவும் வாழ்ந்து, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய இசை நூலை வெளியிட்டார். வயலின் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதனும் ராகங்களால் நோய் தீருமா என்று ஆராய்வதில் ஆர்வம் காட்டினார்.

பாட்டின் பலத்தையும் அதன் எல்லையையும் ஒருசேரக் காட்டும் கதை ஸ்பெயின் நாட்டில் இருக்கிறது. அந்நாட்டு மன்னர் ஐந்தாம் பிலிப்புக்கு இருந்தது இந்த நோயாக இருக்கலாம் என்று இன்று பலர் கருதுகிறார்கள். 1724-இல் திடீரென்று முடியைத் துறந்து மகனுக்குக் கொடுத்தார். அந்த மகன் சில மாதங்களில் இறந்ததும் மறுபடி அரியணை ஏறினார். பிறகு குளிக்காமல், சவரம் செய்துகொள்ளாமல் படுக்கையிலேயே கிடந்தார். இரவைப் பகலாக்கினார். 1737-இல் அரசி எலிசபெத், ஐரோப்பாவே கொண்டாடிய பாரினெல்லி என்ற இத்தாலியப் பாடகரை வரவழைத்துப் பக்கத்து அறையில் பாட வைத்தார். குரலைக் கேட்டு மன்னர் எழுந்தார். சவரம் செய்துகொண்டு மந்திரி சபைக்கும் போனார் என்பது வரலாறு. 1746-இல் மன்னர் இறக்கும் வரை பாரினெல்லி இரவுதோறும் அவருக்காகப் பாடினார்.

கதையை இங்கேயே முடித்தால் பாட்டு ஜெயித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அரண்மனைக்கு வந்துபோன ஆங்கிலத் தூதர் பெஞ்சமின் கீன் இன்னொன்றையும் எழுதி வைத்தார். பாரினெல்லி பாடி முடித்தபின் மன்னர் அந்தப் பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தானும் பாட முயன்று, இரவெல்லாம் ஊளையிட்டுக் கத்துவாராம். வெளியார் காதில் விழாமலிருக்க அரண்மனைக்காரர்கள் படாத பாடுபட்டார்கள். சோர்ந்த மனத்தைத் தூக்கி நிறுத்திய அதே பாட்டு, கொந்தளித்த மனத்தை இன்னும் கிளறிவிட்டது. நோயின் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று பார்க்காமல் பாட்டு கொடுத்தால் பலன் இப்படித்தான் இருக்கும்.

நம் ஊருக்கு வருவோம். சென்னையில் மனநோயாளிகளுக்கான இல்லம் 1794-இலேயே தொடங்கியது. 1871-இல் அது கீழ்ப்பாக்கத்தில் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று நாமும் சினிமாக்காரர்களும் எத்தனை பேரைக் கேலி செய்தோம்! அந்த ஆஸ்பத்திரிக்கு 1961 முதல் 1978 வரை தலைமை தாங்கியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்டவர். உள்ளே இருப்பவர்களுக்கு வேலையும் தொழிலும் வேண்டும், வீட்டுக்குத் திரும்பும் வழி வேண்டும் என்று பாடுபட்டார். ஓய்வுக்குப் பின் 1984-இல் 'ஸ்கார்ப்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2021 டிசம்பரில், 98 வயதில் மறைந்தார்.

நோயை அடக்கும் மருந்து 1949-இல் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர், லித்தியம் என்ற உப்பு மனக் கொந்தளிப்பைத் தணிப்பதைக் கண்டறிந்து எழுதினார். இன்றும் அது முக்கியமான மருந்துதான். அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்து, அளவு பார்த்து எடுக்க வேண்டும். நன்றாகிவிட்டது என்று நினைத்துத் தானாக நிறுத்தினால் நோய் திரும்ப வரும்.

ஆக, பாட்டு மருந்தின் இடத்தைப் பிடிக்க முடியாது. மருந்தோடு கூட நடந்துவரும் துணை அது. பள்ளத்தில் இருப்பவர் பக்கத்தில் மெல்லிய தாலாட்டு ஒலிக்கட்டும். உச்சியில் இருப்பவர் வீட்டில் இரவு ஒன்பது மணிக்குப் பாட்டையும் டிவியையும் விளக்கையும் அணைத்து, தூங்க விடுங்கள். மூன்று நாள் தூங்காமல் ஒருவர் பாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தால், சாமியா பேயா என்று விவாதிக்க வேண்டாம். அரசின் 'டெலி மானஸ்' எண் 14416-க்குப் போன் போட்டுக் கேளுங்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

எங்கள் தெருப் பையன் இப்போது மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறான். இரவு ஷிப்டை விட்டுப் பகல் வேலைக்கு மாறிவிட்டான். சாயங்காலங்களில் பாடுகிறான், அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஒன்பது மணிக்கு அவன் அம்மா வாசல் விளக்கை அணைத்துவிடுவார்.