சுவருக்கு எந்த ஆடை?



உடலுக்கு ஆடை தேடிய மனிதன் தன் வீட்டுச் சுவருக்கும் ஆடை தேடினான். மன்னார்க் கரையில் அத்தேட்டம் அழகு கருதி மட்டும் எழுந்ததன்று. உப்புக் காற்றுக்கு அஞ்சியும் எழுந்ததாகும்.

பனை செறிந்த இக்கரையில் எளியோர் நாடியது ஓலையை. கம்பு நட்டு, வரிச்சுக் கட்டி, ஓலை வேய்ந்த சுவர் வெயிலைத் தடுக்கும், காற்றை உள்ளே விடும், உப்புக்கும் அஞ்சாது. ஆயினும் தீக்கும் புயலுக்கும் அது தாங்காது. அடிக்கடி புதுப்பிக்கவும் வேண்டும். முத்துக்குளிப்புக் காலங்களில் சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் எழுந்த நகரங்கள் கம்பாலும் ஓலையாலும் ஆனவை. குளிப்பு முடிந்ததும் அவை சுவடின்றி மறைந்தன. 1906இல் மரிச்சுக்கட்டியில் அரசாங்க அலுவல் பார்த்த லியொனாட் வூல்ப் அத்தகைய நகரொன்றைக் கண்டவர்.

அந்த ஓலை நகரங்களுக்கு அணித்தே, அரிப்பில், தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1801 முதல் 1804 வரையில் ஒரு மாளிகை கட்டுவித்தார். கிரேக்கத் தூண்முறை பற்றி ஆங்கிலேயர் அதனை 'டொரிக்' என்றனர். நம்மவர் வாயில் அது அல்லிராணிக் கோட்டையாயிற்று. செங்கற் சுவர்மேல் சிப்பி சுட்ட சுண்ணாம்புச் சாந்து பூசப்பெற்று அது பளிங்கெனப் பொலிந்தது. முத்தைக் கடல் கடந்து விற்றனர்; சிப்பியோ சுவருக்கு ஆடையாயிற்று.

சிப்பியைச் சுட்டு, நீர் தெளித்து நீறாக்கிப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது. அதன் நுண்டுளைகள் வழியே சுவரின் ஈரம் வெளியேறும். சீமெந்துப் பூச்சு வலியது, ஆனால் இறுக்கமானது. பழைய சுண்ணாம்புச் சுவரை அதனால் மூடினால் ஈரம் உள்ளே சிறைப்படும். உப்புப் பூத்து, பூச்சுப் பாளம் பாளமாகப் பெயரும். கடல் மணல் கலந்த கலவையோ உப்பைத் தானே சுமந்து வருவது. உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருவேறிச் சுவரைப் பிளக்கும்.

1990இல் இக்கரையினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், போரினால் ஊர் நீங்கிய தமிழ் மக்களும், 2009இல் போர் ஓய்ந்தபின் மீண்டுவந்து தகரக் கொட்டில்களில் வெந்தபோது, இவ்வினா மறுபடியும் எழுந்தது. அவர்களுள் பலருக்குக் கிடைத்த விடை சீமெந்துக் கல்லே. அதனைக் குறைகூறுதல் நியாயமன்று. வாழ்நாளில் ஒருமுறை கட்டுவோர்க்கு உறுதியே முதல் தேவை. ஆற்று மணலும், நீண்ட தாழ்வாரமும், ஆண்டுதோறும் ஒரு வெள்ளையடிப்பும் சேர்ந்தால் அவ்வுறுதி நிலைக்கும்.

இன்னொரு பாடமும் உண்டு. டொரிக் மாளிகையை முதலில் வீழ்த்தியது பூச்சின் குறையன்று. கரை விளிம்பில் அது நின்றது; கடல் அடிநிலத்தை அரிக்க, சுவர்கள் சரிந்தன. பளிங்கு போன்ற ஆடை அதனைக் காக்கவில்லை.

ஆகவே நேயர்களே, இக்கரையில் வீடு கட்டுவோர் முதலில் நிலத்தைப் பார்க்க. பின்னர்ச் சுவரைப் பார்க்க. அதன்பின் ஆடையைத் தேர்க.